கரை சேர்க்கும் இல்லம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்தவர்கள், குரோம்பேட்டையைத் தாண்டியதும் வரும் நிலையத்தை அறிந்திருப்பார்கள். தாம்பரம் சானடோரியம் என்பது அதன் பெயர். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக அங்கே ஓர் ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். 1937-இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. காசத்தைத் தீர்க்கும் மருந்து அந்நாளில் கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு, ஒழுங்கு தவறாத நாள், அருகிருந்து கவனிக்கும் மனிதர்கள், இவையே மருந்து. வீட்டில் ஒருவருக்குக் காசம் என்றால் அயலார் அறியாமல் மறைத்துவிடுவது அக்காலத்து வழக்கம். பெண் கொடுக்க அஞ்சினார்கள். பெண் எடுக்கவும் அஞ்சினார்கள்.

இன்று அந்த வெட்கம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் வேறொரு நோயை நாம் அதே வெட்கத்தோடு மறைத்து வருகிறோம். குடியும் போதையும் மனிதனைப் பற்றிக்கொள்ளும் நோயைத்தான் சொல்கிறேன். அந்த நோய்க்காகத் தங்கிக் குணம் பெறும் இல்லங்கள், குறிப்பாகக் கிறிஸ்தவ சமயப் பற்றினால் எழுந்த இல்லங்கள், என்ன செய்கின்றன, எப்படிச் செய்கின்றன என்பதே இன்றைய என் பேச்சு.

நான் கிறிஸ்தவன் அல்லேன், வைத்தியனும் அல்லேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். இந்தப் பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான்: நான் இதில் ஒரு பெரும் பிழை செய்தவன்.

என் பழைய மாணவர் ஒருவர் கிண்டித் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்த்து வந்தார். கைத்திறன் மிக்கவர். நாளடைவில் காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டார். அவருடைய தாயார் ஒரு நாள் அவரை என் வீட்டிற்கு அழைத்து வந்து, “ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பான்” என்று கண்ணீர் வடித்தார். நானும் ஒரு மணி நேரம் அறிவுரை கூறினேன். இறுதியில், தாயின் தலையில் கை வைத்து, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னேன். அவரும் செய்தார். ஒரு நல்ல காரியம் முடித்த நிறைவோடு நான் அன்றிரவு உறங்கினேன்.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார், நேயர்களே! ஆபத்து அதனால்தான் வந்தது. மறுநாள் கைகள் நடுங்கின. உடல் வியர்த்துக் கொட்டிற்று. அன்றிரவு வலிப்புக் கண்டது. மூன்றாம் நாள், சுவரெல்லாம் பூச்சிகள் ஊர்கின்றன என்று அலறினார். அண்டை வீட்டார் பேய் என்றார்கள். நல்ல வேளையாக ஒருவர் ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார். அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியே அழைத்து, “சார், நாட்பட்டுக் குடித்தவரை வைத்தியத் துணையின்றித் திடீரென நிறுத்தச் சொல்லலாமா? இதில் உயிர் போவதும் உண்டே” என்றார். நான் தலை குனிந்து நின்றேன். அறுபது வயதில் நான் கற்ற பாடம் அது.

திருக்குறளில் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரம் பத்துக் குறட்பாக்களைக் கொண்டது. ஆண்டுதோறும் அதனைக் கற்பித்தவன் நான். குடித்து மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்குள் மூழ்கிவிட்டவனைத் தீப்பந்தம் ஏந்தித் தேடுவது போன்றது என்று அதில் ஓர் உவமை வருகிறது. உவமையின் நயத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கிய நான், அதிலுள்ள கட்டளையை உணரவில்லை. மூழ்கியவனுக்கு வேண்டுவது விளக்கம் அன்று, கரை. முதலில் அவனைக் கரையேற்ற வேண்டும். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

தங்கிக் குணம் பெறும் இல்லம் என்பது அந்தக் கரையே. சமயப் பற்றுள்ளவர்கள் அத்தகைய கரைகளை எவ்வாறு அமைத்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1872-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் வாட்டர் வீதியில் ஜெர்ரி மக்காலே என்பவர் ஒரு தொண்டு நிலையத்தைத் தொடங்கினார். அவரே முன்னாளில் குடியிலும் திருட்டிலும் உழன்று சிறைவாசம் செய்தவர். வீழ்ந்து எழுந்தவனே வீழ்ந்து கிடப்பவனுக்குக் கை கொடுக்கத் தக்கவன் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. 1935-இல் பில் வில்சன் என்னும் வணிகரும் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் சந்தித்தார்கள். இருவரும் குடியால் நொந்தவர்கள். ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கூட்டுறவு அவர்களால் பிறந்தது. அது 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. பிழையை ஒப்புக்கொள்ளுதல், தீங்கிழைத்தவர்களுக்கு ஈடு செய்தல், பிறருக்கு உதவுதல் ஆகிய பயிற்சிகளை அது கிறிஸ்தவ மரபிலிருந்து பெற்றது. ஆயினும் கடவுளை அவரவர் அறிந்தவாறு கருதிக்கொள்ளலாம் என்று வாயிலை அகலத் திறந்து வைத்தது.

நம் நாட்டில் பம்பாயின் பாந்திராப் பகுதியில், கார்மல் மலை மாதா ஆலயத்தில், 1981-இல் பாதிரியார் ஜோ பெரேரா ‘கிருபா’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவரும் குடியிலிருந்து மீண்டவரே. தம் ஜெபத்தோடு, குரு பி. கே. எஸ். ஐயங்காரிடம் பயின்ற யோகாசனத்தையும் அவர் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். நம் தென்சென்னையிலோ, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் ஓர் அறநிலையம் நிறுவினார். அடையாற்றை அடுத்த இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. மருத்துவமனை அதனுடையது. அது சமயச் சார்புடையது அன்று. ஆயினும் மருத்துவம், உடன் தங்கல், மனம் திறந்த உரையாடல், குடும்பத்தார்க்குப் பயிற்சி என்ற நான்கையும் ஒன்றாய்ப் பிணைத்து வழி காட்டியது. கிராமங்களில் முகாம்கள் அமைத்தும் அது தொண்டாற்றியது.

என் மாணவரின் கதைக்குத் திரும்புகிறேன். மருத்துவமனையில் உடல் தேறியதும், தாம்பரத்துக்கு அப்பால் உள்ள ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் அவரைச் சேர்க்கலாம் என்று சிலர் கூறினார்கள். தாயாருக்குத் தயக்கம். இல்லத் தலைவரிடமே நேராகக் கேட்டுவிட்டார்: “ஐயா, என் பிள்ளையை மதம் மாற்றிவிடுவீர்களா?”

தலைவர் கோபிக்கவில்லை. “அம்மா, இங்கே காலையும் மாலையும் ஜெபம் உண்டு. உங்கள் மகன் கேட்கலாம். கேட்காமல் மௌனமாகவும் இருக்கலாம். உங்கள் மகன் உங்கள் மகனாகவே திரும்பி வரவேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல்” என்றார். அவர் சொற்படியே நடந்தார். ஜெப வேளையில் தம் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக என் மாணவர் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அந்த இல்லத்திற்கு நான் பலமுறை போயிருக்கிறேன். விடியுமுன் எழுவார்கள். ஜெபம் முடிந்ததும் ஒருவர் முற்றம் பெருக்குவார். ஒருவர் காய்கறி நறுக்குவார். இருவர் தோட்டத்திற்கு நீர் இறைப்பார்கள். பிறகு வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் வாழ்வில் நேர்ந்ததை ஒளிக்காமல் சொல்லுவார்கள். பொறியாளரும் மீனவரும் கல்லூரி மாணவரும் அங்கே ஒரே பாயில் இருந்தார்கள். மாலையில் பந்தாட்டம், படிப்பு, மீண்டும் ஜெபம், நேரத்தில் உறக்கம். வாரந்தோறும் ஒரு மருத்துவர் வந்து பார்ப்பார்.

சைதாப்பேட்டையில் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, பழக்கத்தைப் பற்றி உளவியலில் ஒரு பாடம் இருந்தது. தீய பழக்கத்தை வெறுமனே பிடுங்கி எறிய முடியாது. அது இருந்த இடத்தில் வேறொன்றை நட வேண்டும் என்பது அதன் சாரம். மாலை ஆறு மணிக்குக் கடைக்குப் போன கால்களுக்கு அந்த ஆறு மணிக்கு வேறு வேலை வேண்டும். குடித்துச் சிரித்த நண்பர்களுக்குப் பதிலாகக் குடிக்காமல் சிரிக்கும் நண்பர்கள் வேண்டும். தன்னைப் பயனற்றவன் என்று எண்ணுபவனுக்கு, நீயும் மன்னிக்கப்பட்டவன் என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். கிறிஸ்தவ இல்லம் இந்த மூன்றாவதைத் தன் சமயத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. மருந்து நடுக்கத்தை நிறுத்தும். வெட்கத்தை நிறுத்த மருந்து இல்லை.

ஆயினும் எச்சரிக்கையும் வேண்டும். பற்று மட்டும் இருந்து மருத்துவம் இல்லாவிட்டால், நான் செய்த பிழையையே அந்த இல்லமும் செய்யும். பூட்டும் சங்கிலியும் சிகிச்சை ஆகா. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் மனநல விடுதி ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட வழியின்றி, 28 பேர் மாண்டனர். 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிகளைச் சங்கிலியிடுவதை அறவே விலக்குகிறது. மது, போதைப் பொருள்களால் விளையும் மனக்கேடுகளையும் தன் வரம்பில் சேர்த்திருக்கிறது. ஆகவே ஓர் இல்லத்தை நாடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அரசாங்கப் பதிவு உண்டா? மருத்துவர் வருகிறாரா? குடும்பத்தார் வந்து பார்க்கலாமா? சமயம் அழைப்பாக இருக்கிறதா, கட்டாயமாக இருக்கிறதா?

இன்னொன்று. குடிப்பவர் எல்லோருக்கும் இல்லவாசம் வேண்டியதில்லை. காசநோய் வரலாற்றிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தே காசத்தைத் தீர்க்கலாம் என்று உலகுக்குக் காட்டியது. அதுபோலவே, பலர் வீட்டிலிருந்தபடி மருத்துவரிடம் சென்று குடியை விடுகிறார்கள். பலமுறை முயன்று தோற்றவர்கள், நிறுத்தினால் வலிப்புக்கு ஆளாகிறவர்கள், தெருவில் இறங்கினால் பழைய கூட்டம் கைப்பிடித்து இழுக்கும் நிலையிலுள்ளவர்கள், இவர்களுக்கே கரை மிகவும் தேவை. ஆனால் கரை எத்தனை பேருக்குக் கிட்டுகிறது? அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். தங்கிச் சிகிச்சை பெற்றவரோ 180 பேருக்கு ஒருவரே. மற்றவர்களெல்லாம் வீட்டுச் சுவர்களுக்குள் மறைக்கப்பட்டிருக்கிறார்கள்.

அந்த இல்லத்தில் அடிக்கடி சொல்லப்படும் கதை, இயேசுநாதர் கூறிய கெட்ட குமாரன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனைத் தந்தை தொலைவிலேயே கண்டு ஓடிச் சென்று தழுவுகிறார். வீட்டிலேயே இருந்து உழைத்த மூத்த மகனுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபமும் நியாயமானதே என்று நான் கருதுகிறேன். தாலியை அடகு வைத்த மனைவிக்கும், பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற பிள்ளைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் கதையில் வரும் தந்தை மூத்தவனைத் தேடியும் வெளியே வருகிறார் என்பதை மறக்கலாகாது. குடும்பத்தின் காயத்தையும் ஆற்றாத சிகிச்சை பாதிச் சிகிச்சையே.

என் மாணவர் ஆறு மாதம் தங்கி வீடு திரும்பினார். எட்டாம் மாதத்தில், ஒரு நண்பர் வீட்டுத் திருமணத்தில், மீண்டும் குடித்துவிட்டார். மறுநாள் காலையில் யாரும் அழைக்காமல் தாமே இல்லத்தின் வாயிலில் போய் நின்றார். தலைவர் ஒன்றும் கேட்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். “முற்றம் பெருக்கு, தம்பி. பிறகு சாப்பிடலாம்” என்றார். அதன் பிறகு அவர் குடிக்கவில்லை. இப்போது ஆறாவது ஆண்டு நடக்கிறது.

சென்ற பொங்கலன்று அவர் என் வீட்டிற்கு வந்தார். “ஐயா, உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை இப்போது காப்பாற்றுகிறேன்” என்றார். நான், “தம்பி, அந்தச் சத்தியத்தைக் கேட்டதற்காக நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்” என்றேன். அவர் சிரித்தார். அவர் கொண்டு வந்த கரும்பை என் பேரனுக்கு வெட்டிக் கொடுத்தார். கை நடுங்கவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இத்தகையவர் இருந்தால், சத்தியம் கேட்காதீர்கள், சாபமும் இடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 14446 என்ற அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி எண்ணில் கேளுங்கள். மறைத்தது போதும். நீருக்குள் கிடப்பவரை நோக்கிக் கையை நீட்டுவோம்.