உயிலில் எஞ்சிய பெயர்கள்



அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தோட்ட முதலாளிகளின் கொடிவழியைத் தேடுவோர்க்கு உயில், திருமணப் பதிவு, தேவாலயக் குறிப்பு எனச் சான்றுகள் பல உள. அத்தோட்டங்களில் அடிமைப்பட்டு உழைத்தோரின் வழித்தோன்றல்களுக்கோ, தேடல் பெரும்பாலும் 1870ஆம் ஆண்டுக் குடிக்கணக்கோடு தடைப்படுகிறது. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்கள் உடைமையாளரின் பெயரைக் குறித்தன. அடிமைகளுக்கோ பொதுவாக வயது, பால், நிறம் மட்டுமே குறித்தன.

தாயின் நிலையே பிள்ளையின் நிலை என 1662இல் வர்ஜீனியா சட்டம் இயற்றியது. முதலாளியே தந்தையாயினும், அடிமைத்தாயின் பிள்ளை அடிமையே. ஆதலின் இரு கொடிவழிகளும் ஒரே வீட்டில் பின்னிக் கிடந்தும், ஒன்றே குடும்பமென எழுதப்பட்டது.

மற்றையோரின் பெயர்கள் முதலாளிகளின் உயில்களிலும் சொத்துக் கணக்குகளிலும் கால்நடைகளுக்கருகே விலையோடு எஞ்சியுள்ளன. அவ்வுயில்களைப் படிப்போர் அப்பெயர்களையும் படியெடுத்து வைத்தல் கடனாகும். பலர் வாழ்ந்தமைக்கு அவ்வொரு சொல்லே சான்று.