கடைசி ஏரியின் விடுதிகள்

(மாதாந்திர வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியது. எழுத்தில் கொண்டுவரும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேச்சுவழக்கை முழுதாகத் திருத்தவில்லை.)



இன்னிக்கு நான் கவிதை பத்திப் பேசறதாத்தான் இருந்தது. மாத்திட்டேன். அர்ஜென்டினாவில் ஒரு உப்பு ஏரிக்கரையில் இடிந்து கிடக்கிற குளியல் விடுதிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு தோழர் கேட்டார், "பணக்காரன் குளிச்ச ஓட்டல் இடிஞ்சா நமக்கென்னங்க?" நியாயமான கேள்வி. பதில் சொல்றேன். கொஞ்சம் சுத்தித்தான் வர முடியும்.

இந்த ஊரை நான் முதலில் படங்களில்தான் பார்த்தேன். வரிசை வரிசையாகச் செத்து நிற்கும் மரங்கள். உப்பு ஏறி வெள்ளெலும்பு மாதிரி நிற்கின்றன. எந்த மாடிக்கும் போகாத மாடிப்படி. துருப்பிடித்த கட்டில் சட்டங்கள், பாட்டில்கள். படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய விருந்து. உலகம் முழுக்கப் போய் எடுக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. அழிவு அழகாக இருக்கும்போது அது யாருடைய அழிவு என்று யாரும் கேட்பதில்லை. அங்கிருந்துதான் எனக்கு இந்த யோசனை ஆரம்பித்தது.

ஊரின் பெயர் வில்லா எபெக்குவென். தலைநகர் புவனோஸ் ஐரெஸிலிருந்து தென்மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல். பம்பாஸ் புல்வெளி. அங்கே ஐந்து ஏரிகள் சங்கிலி மாதிரி ஒன்றையடுத்து ஒன்று கிடக்கின்றன. மேலே உள்ள ஏரி நிறைந்தால் அடுத்ததுக்கு வழியும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசியில், எல்லாவற்றையும்விடத் தாழ்வான இடத்தில் இருப்பது எபெக்குவென். அதிலிருந்து தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. வெயில் குடித்தால்தான் உண்டு. அப்படிக் காலங்காலமாக வற்றி வற்றி உப்பு சேர்ந்து, கடலைப் போல் பத்து மடங்கு உப்பு என்கிறார்கள். இறங்கினால் ஆள் மிதப்பான், மூழ்கமாட்டான்.

மூட்டுவலிக்கும் தோல் வியாதிக்கும் இந்த உப்புத் தண்ணீர் நல்லது என்று 1921இல் ஏரிக்கரையில் குளியல் துறை திறந்தார்கள். பிறகு ரயிலில் கூட்டம் வந்தது. சேற்றுக் குளியல், வெந்நீர்க் குளியல், நடனக்கூடம், நீச்சல் குளம் என்று ஊர் வளர்ந்தது. தலைநகரத்து யூதர்கள் நிறையப் பேர் வந்தார்கள். சாக்கடலில் குளிப்பதுபோல இருக்கிறது என்பது அவர்களுக்கு ஒரு ஈர்ப்பு. 1950களிலிருந்து 70கள் வரை ஒவ்வொரு கோடைக்கும் 25,000 பேர் வந்துபோனதாகச் சொல்கிறார்கள். ஊரில் நிரந்தரமாக இருந்தவர்கள் சுமார் 1,500 பேர்தான். இந்த 1,500 பேரில் விடுதி முதலாளி மட்டும் இல்லை, படுக்கை விரித்தவர்கள், துணி துவைத்தவர்கள், சேறு பூசிவிட்டவர்கள் எல்லாரும் உண்டு. நீங்கள் கேட்ட "பணக்காரன் ஓட்டல்" என்பது பாதிதான் சரி தோழர்.

இப்போ ஒரு வேடிக்கை. இந்த ஊருக்கு முதலில் வந்த கவலை வெள்ளம் இல்லை, வறட்சி. ஏரி உள்வாங்கிக்கொண்டே போனால் குளியல் விடுதிக்கு என்ன வேலை? 1970களின் நடுவில் மேலே இருந்து தண்ணீரைத் திருப்பி ஏரிச் சங்கிலிக்குள் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்டினார்கள். வருகிற தண்ணீரை முறைப்படுத்தத் தொடர்ந்து செய்யவேண்டிய வேலைகளும் இருந்தன. 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அந்த வேலைகள் அப்படியே நின்றன. தண்ணீர் வரும் வழி இருக்கிறது, அதை நிறுத்தும் வழி இல்லை. 1980லிருந்து நல்ல மழை. ஏரி வருஷத்துக்கு அரை மீட்டருக்கு மேல் ஏறியது. ஊர்க்காரர்கள் மண்கரை போட்டார்கள். ஏரி ஏற ஏறக் கரையையும் உயர்த்தினார்கள். ஏரி ஊருக்கு மேலே, ஊர் ஏரிக்குக் கீழே. இப்படிச் சில வருஷம் கோடைக்கு ஆளும் வந்து குளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தால்தான் ஆச்சரியம்.

1985 நவம்பர் 10, கோடைக் கூட்டம் வரவேண்டிய நேரம். பலத்த காற்றில் கரை உடைந்தது. ஒரே ராத்திரியில் ஊர் மூழ்கிவிட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. தண்ணீர் நிதானமாக ஏறியது. சாமான் செட்டுகளை எடுத்துக்கொண்டு போக அவகாசம் கிடைத்தது. யாரும் சாகவில்லை. ஆனால் யாரும் திரும்பவும் இல்லை. கொஞ்ச நாளில் வடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் கார்வே என்கிற பக்கத்து ஊரில் காத்திருந்தார்கள். வடியவில்லை. 1993இல் ஊர் 10 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. கார்வேயின் கல்லறைத் தோட்டமும் முழுகிப்போய், சவப்பெட்டிகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. தண்ணீர் இறங்கி ஊர் வெளியே தெரிய 2009 வாக்கில்தான் ஆரம்பித்தது. கால் நூற்றாண்டு.

நான் வங்கிக் குமாஸ்தா என்பது உங்களுக்குத் தெரியும். கடன் பிரிவில் சில வருஷம் இருந்தேன். பத்திரத்தில் நாலு எல்லை எழுதியிருக்கும். வடக்கே இன்னார் மனை, தெற்கே தெரு, இப்படி. இந்த ஊரைப் பத்திப் படிக்கும்போது எனக்கு அந்த நாலு எல்லைதான் ஞாபகம் வந்தது. நிலம் தண்ணிக்குள்ள போனாலும் பத்திரத்தில் எல்லை அப்படியே இருக்கும். மனை உண்டு, அளவு உண்டு, சொந்தக்காரர் பெயர் உண்டு. அதனாலதான் அந்த மனுஷன், "நான் இழந்தேன்" என்று எழுந்து சொல்ல முடிகிறது. இழப்பதற்கும் ஒரு காகிதம் வேணும் தோழர்களே.

காகிதம் இல்லாமல் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு பெரியவர், ஐம்பது வருஷமாக உழுத நிலம், எல்லாருக்கும் தெரியும், பட்டா மட்டும் இல்லை. "ஐயா, விதி இடம் கொடுக்கலை"ன்னு சொன்னேன். அவர் என்னை 'ஐயா'ன்னு கூப்பிட்டுட்டுப் போனார். நான் யார் மகன் என்று அவருக்குத் தெரியும். அதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. நான் ஏதோ வெளியே நின்று பேசறதா நினைச்சுக்கக் கூடாது.

இனி அந்தத் தோழருக்கான பதில். 1921இல் குளியல் துறை திறக்கும்போது அந்த ஏரிக்கரை யாருடையது? 1870கள் வரை அந்தப் பகுதி மப்பூச்சே மக்களின் கையில் இருந்தது. கார்வேயில் நல்ல மேய்ச்சல், பக்கத்தில் உப்பு. அவர்களுடைய பெரிய தலைவர் கல்ஃபுகுரா 1873இல் இறந்தார். கார்வேயை வெள்ளையனுக்கு விட்டுவிடாதீர்கள் என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது என்று இன்றும் சொல்லப்படுகிறது. மூன்றே வருஷம். 1876இல் போர் அமைச்சர் அடோல்ஃபோ அல்சினாவின் ராணுவம் கார்வேயைப் பிடித்தது. அடுத்த வருஷம் அங்கே ஊர் நிறுவினார்கள். அல்சினா இன்னொன்றும் செய்தார். அந்த மக்கள் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு வந்துபோக முடியாதபடி 370 கிலோமீட்டர் நீளத்துக்கு அகழி வெட்டவைத்தார். கார்வே இருக்கும் மாவட்டத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். சங்கிலியில் ஒரு ஏரிக்கும் அவர் பெயர்.

அவருக்குப் பின் வந்தவர் ஹூலியோ ரோக்கா. 1879இல் அவர் நடத்திய படையெடுப்புக்குப் 'பாலைவனத்தை வென்றது' என்று பெயர். புல் முளைக்கும், மாடு மேயும், ஆள் வாழும் பூமி அது. அதுக்குப் பாலைவனம்னு பேர். ஏன் என்று யோசித்தால் விளங்கும். பாலைவனம் என்று எழுதிவிட்டால் அங்கிருந்து யாரும் எதையும் இழந்ததாகக் கணக்கில் வராது. ஆயிரத்துக்கும் மேல் கொல்லப்பட்டவர்கள், பத்தாயிரத்துக்கும் மேல் பிடிபட்டவர்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கே. அதில் பெண்கள், குழந்தைகள், கிழவர்களுக்குத் தனிக் கலம். அந்தக் கலத்தின் தலைப்பு 'சுஸ்மா'. ஸ்பானிய மொழியில் 'கீழ்மக்கள் கூட்டம்' என்று அர்த்தம். பேரேடு எழுதுகிறவன் நான், ஒரு கலத்துக்குத் தலைப்பு போடுவது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். பிடிபட்ட குடும்பங்களைப் பிரித்தார்கள். ஆண்களைச் சர்க்கரை ஆலைத் தோட்டங்களுக்கும் படைக்கும், பெண்களையும் பிள்ளைகளையும் தலைநகரத்து வீடுகளில் வேலைக்கும் கொடுத்தார்கள். ரோக்கா 1880இல் ஜனாதிபதி ஆனார். 1992லிருந்து 100 பெசோ நோட்டின் முன்பக்கம் அவர் முகம், பின்பக்கம் அந்தப் படையெடுப்பின் ஓவியம். குதிரைமேல் அதிகாரிகள். அங்கே என்னைப்போல ஒரு குமாஸ்தா அதைத்தான் தினமும் கட்டுக் கட்டாக எண்ணியிருப்பான். 2012இல் ஏவா பெரோனின் முகம் போட்ட 100 பெசோ நோட்டும் வந்தது.

அந்த ஏரி ஒரு தலைவன் அழுத கண்ணீரால் ஆனது என்று ஒரு கதை உண்டு. காதலிக்காக அழுதானாம். சுற்றுலாப் பயணிகளுக்கு அதைத்தான் சொல்கிறார்கள். அழுவதற்கு அவனுக்கு வேறு காரணமே கிடைக்கவில்லை போலிருக்கிறது!

விடுதிக்காரர்கள் முழுகினது சரிதான், வேணும் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது எடுத்துக்கொண்டால் என் பேச்சில்தான் கோளாறு. தாழ்வான இடத்தில் இருந்தவர்கள் மேலே இருந்து வந்த தண்ணீரில் போனார்கள், மேலே எடுத்த முடிவுகளில் போனார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஒரே கரையில் இரண்டு முறை ஊர் போயிருக்கிறது. ஒன்றுக்குப் படம் இருக்கிறது, தேதி இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. எந்த விடுதி எங்கே நின்றது என்று சொல்ல வழிகாட்டி இருக்கிறார். மற்றதுக்கு ஒரு செத்த மரம்கூட அடையாளம் நிற்கவில்லை. தோல் கூடாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு மாடிப்படி ஏது?

ஒரு கட்டடம் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. கார்வேயிலிருந்து அந்த ஊருக்குப் போகிற வழியில் ஒரு பழைய மாட்டிறைச்சிக்கூடம். 1930களின் கடைசியில் ஃபிரான்சிஸ்கோ சலமோனே என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. மாடு அறுக்கிற இடத்துக்கு ஒரு கோபுரம் வைத்து, அதில் பெரிய எழுத்தில் 'அறுப்புக்கூடம்' என்று பொறித்திருக்கிறார். சிரிக்காதீங்க, நிஜம். விடுதிகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. அது நிற்கிறது.

ஊருக்குத் திரும்பியவர் ஒரே ஒருவர், பாப்லோ நோவாக். தண்ணீர் இறங்கியதும் வந்து தனியாகவே இருந்தார். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு இடிபாடுகளுக்கு நடுவே போவார். வந்தவர்களிடம் இங்கே இது இருந்தது, அங்கே அது இருந்தது என்று சொல்வார். 2024 ஜனவரியில், 93 வயதில் இறந்துபோனார். சின்ன வயசிலிருந்து அந்த ஊரைப் பார்த்தவர். அவருடைய ஞாபகம் 1930களுக்குப் பின்னால்தான் தொடங்கும். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

இப்போது கார்வேயில் மறுபடியும் குளியல் விடுதிகள் நடக்கின்றன. அதே ஏரித் தண்ணீர், அதே மூட்டுவலி. காலையில் சேற்றுக் குளியல், சாயங்காலம் இடிந்த ஊரைப் பார்க்கப் போகலாம். முதலில் தண்ணீரை விற்றார்கள், இப்போது தண்ணீர் கொண்டுபோனதையும் விற்கிறார்கள். பிழைக்கணுமே, குறை சொல்லலை. அல்சினாவின் அகழி பல இடங்களில் தூர்ந்து, உழவில் போய்விட்டது. சில இடங்களில் மட்டும் இன்னும் லேசான பள்ளமாகத் தெரிகிறதாம். போக வாய்ப்பு கிடைத்தால் நான் முதலில் பார்க்க ஆசைப்படுவது அந்தப் பள்ளத்தை.

டீ வந்துடுச்சு போல. கேள்வி கேட்ட தோழர் முதலில் பேசட்டும்.