ஊர் எல்லையும் நீர் எல்லையும்



தலைமை உரை நீண்டால் கட்டுரை வாசிப்போரின் நேரம்தான் குறையும். ஆகவே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். சென்னைக்குத் தெற்கே, கடலோரத்தில், யாருக்கு யார் தண்ணீர் தருவது என்ற எல்லையை எதை வைத்து வகுத்திருக்கிறோம்?

சட்டப்படி விடை எளிது. 1978இல் பிறந்த சென்னைக் குடிநீர் வாரியத்துக்குச் சென்னைப் பெருநகரப் பகுதி. அதற்கு முன்பே, 1971இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாநிலத்தின் மற்ற பகுதிகள். நடப்பிலோ மெட்ரோ வாட்டர் என்று நாம் அழைக்கும் சென்னை வாரியத்தின் எல்லை மாநகராட்சி வார்டுகளின் பின்னே போகிறது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோது, மெட்ரோ வாட்டரின் பொறுப்பும் செம்மஞ்சேரி, உத்தண்டி வரை நீண்டது. அப்பால் ஊராட்சிகள்.

பழைய மாமல்லபுரம் சாலையில் செம்மஞ்சேரியைத் தாண்டினால் நாவலூர். சாலை ஒன்றே, அடுக்குமாடிகளும் ஒரே மாதிரி. செம்மஞ்சேரிக்காரர் மெட்ரோ வாட்டர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நாவலூர்க்காரருக்கு ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, தண்ணீர் லாரி. செம்மஞ்சேரியிலும் லாரி ஓடுகிறதே என்பீர்கள். ஓடுகிறதுதான். புகார் கொடுக்க இடம் இருப்பதும் குழாயில் தண்ணீர் வருவதும் ஒன்றல்லவே!

மண்ணுக்கு அடியில் கதையே வேறு. திருவான்மியூர் முதல் முட்டுக்காடு உப்பங்கழி வரை, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் இறங்கும் மழைதான் அங்குள்ள கிணறுகளின் நல்ல தண்ணீர். கிழக்கே கடல், மேற்கே உப்பேறிய கால்வாய். அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு கரிக்கும். மாநகராட்சிக் கோடு இந்த மணலைக் குறுக்கே வெட்டி, உத்தண்டியை உள்ளேயும் கானத்தூரை வெளியேயும் வைக்கிறது. 1987ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டமோ நகருக்கு வெளியே பல கிராமங்களையும் சேர்த்துக்கொண்டது. இறைப்பதைக் கட்டுப்படுத்த ஓர் எல்லை, விநியோகிக்க இன்னோர் எல்லை!

அதே கடலோரத்தில், மாநகராட்சிக்கு வெளியே உள்ள நெம்மேலியைப் பாருங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு அங்கே வந்தது. 2024இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. அத்தண்ணீரின் பெரும்பகுதி வடக்கே, வேளச்சேரி, ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பக்கம் போகிறது. நகரத்தின் தாகத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரை அரிப்பைப் பற்றியும் ஆலை கடலில் விடும் உவர்நீரைப் பற்றியும் முறையிட்டவர்கள் ஆலையை ஒட்டிய சூளேரிக்காட்டுக் குப்பத்து மீனவர்கள். அவர்கள் மெட்ரோ வாட்டரின் வாடிக்கையாளர்கள் அல்லர். அவர்கள் குரல் அதிகாரிகளின் காதில் மெல்ல ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரிக்கப்பட்டது. எல்லைகளைத் திரும்ப வரையும் பேச்சு இனி ஓயாது. கட்டுரையாளர்களே, வார்டு வரைபடத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். மணற்பரப்பும் ஏரியும் கால்வாயும் உப்பங்கழியும் உள்ள வரைபடத்தை முதலில் விரியுங்கள். அலுவலகங்களை அதன் பிறகு பங்கிடலாம். முதல் கட்டுரையை வாசிக்க அழைக்கிறேன்.