ஏட்டில் நின்றவரும் ஏட்டினின்று நீங்கியவரும்



வங்கிக் குடும்பங்களின் கொடிவழியைக் கேட்பதற்கென்று கவிஞர்கள் கூடுவது வழக்கமன்று. ஆயினும் இங்கிலாந்துக் குவேக்கர்களின் குடும்ப வரலாற்றில் கவிஞர் ஒருவருக்கும் இடமுண்டு. கல்லாப்பெட்டியைக் கடந்துதான் அவரிடம் செல்லவேண்டும்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) தோற்றுவித்த நண்பர்கள் சபையினரை 'நடுங்குவோர்' என்று பிறர் எள்ளி அழைத்த பெயரே குவேக்கர் என்பது. அவர்களுக்குக் குருமாரில்லை, சடங்கில்லை. ஆணையிட்டுச் சத்தியம் செய்ய மறுத்தனர்; பெரியோர் முன் தொப்பி கழற்ற மறுத்தனர்; திருச்சபைக்குத் தசமபாகம் செலுத்த மறுத்தனர். வேல்ஸ் நாட்டு டோலோப்ரனைச் சேர்ந்த நிலக்கிழார் சார்லஸ் லாயிட் ஆணையிட மறுத்ததற்காக வெல்ஷ்பூல் சிறை புகுந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் சேர்வதற்கே திருச்சபைக் கோட்பாடுகளை ஏற்று ஒப்பமிட வேண்டியிருந்தது. அரசுப் பதவிக்கு ஆணை வேண்டும். கல்விக்கூடமும் அரண்மனையும் அடைபட்டபின் எஞ்சியவை கடையும் உலையும் கணக்கேடுமே. 1709இல் கோல்புரூக்டேலில் கல்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டிய ஆபிரகாம் டார்பியும் இச்சபையினரே.

இவர்களது நேர்மையே இவர்களைச் செல்வராக்கியது என்று கூறுவோர் பலர். அது பாதி உண்மை. மறுபாதி திருமணத்தில் இருக்கிறது. சபைக்கு வெளியே மணந்தவர் சபையினின்று நீக்கப்பட்டார். மணமக்கள் சபையார் முன் எழுந்து தாமே உறுதி கூறுவர். கூடியிருந்தோர் அனைவரும் மணச் சான்றில் ஒப்பமிடுவர். பிறப்பும் மணமும் அடக்கமும் 17ஆம் நூற்றாண்டு முதலே ஏடுகளில் பதிவாயின. 1840இல் அரசிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த ஏடுகளே இன்றும் கொடிவழி ஆய்வோருக்குக் கருவூலம்.

1690இல் லண்டன் லோம்பார்ட் தெருவில் வங்கித் தொழில் செய்த பொற்கொல்லர் ஜான் ஃப்ரீம். அவருடைய மகள் பிரிசில்லாவை இரண்டாம் மனைவியாகக் கொண்டவர் துணி வணிகர் டேவிட் பார்க்ளே. அதே ஃப்ரீமின் இன்னொரு மகள் சாராவை மணந்தவர், டேவிடின் முதல் மனைவிக்குப் பிறந்த ஜேம்ஸ். தந்தைக்கு மகன் சகலையானார்! முறை பார்த்துப் பழகிய தமிழ்ச் செவி சற்றுத் திகைக்கும். ஆனால் அத்தை மகளையும் மாமன் மகளையும் மணப்பதை அவர்கள் சபை ஒப்பவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். 1736இல் ஜேம்ஸ் மாமனாரின் வங்கியில் பங்காளியானார். பார்க்ளேஸ் என்ற பெயர் பிறந்தது ஒரு மருமகனால்.

இப்படியே நாரிச் நகரத்துக் கர்னி குடும்பமும் டார்லிங்டன் நகரத்துப் பேக்ஹவுஸ், பீஸ் குடும்பங்களும் கொண்டும் கொடுத்தும் பின்னிக்கொண்டன. ஜோசப் பீஸ் 1826இல் கர்னி குலத்து எம்மாவை மணந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அவர் தந்தை எட்வர்டு பீஸ் முன்னின்று நடத்திய ஸ்டாக்டன்–டார்லிங்டன் இருப்புப்பாதை திறக்கப்பட்டிருந்தது. அதற்கான மூலதனத்தில் பெரும்பங்கு இந்த உறவு வட்டத்துக்குள்ளிருந்தே திரண்டது. கடன் கேட்பவர் யார் மகன், யார் மருமகன் என்று தெரிந்த இடத்தில் அடமானம் எதற்கு? 1896இல் இருபது வங்கிகள் இணைந்து பார்க்ளே நிறுவனமானபோது, அது வணிக ஒப்பந்தமாக இருந்த அளவுக்குக் குடும்பக் கூட்டமாகவும் இருந்தது.

அரவணைத்த கையே தள்ளவும் செய்தது. கடனைத் தீர்க்க இயலாதவர் சபையில் நீடிப்பதரிது. சிறைக்கைதிகளுக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரை கர்னி குலத்து மகள். அவர் கணவர் ஜோசப் ஃப்ரையின் வங்கி 1828இல் நொடித்தது, கணவர் சபையினின்று நீக்கப்பட்டார். (அந்த அம்மையாரின் முகத்தை இங்கிலாந்து வங்கி 2002 முதல் 2017 வரை புழக்கத்திலிருந்த ஐந்து பவுண்டு நோட்டில் அச்சிட்டது. வரலாற்றுக்கு நகைச்சுவை உண்டு.) போரை வெறுத்த சபையில் துப்பாக்கி செய்து விற்ற பர்மிங்ஹாம் சாமுவேல் கால்ட்டன் 1796இல் நீக்கப்பட்டார். மனைவி பார்க்ளே குலத்தவர் என்பதும் அவரைக் காக்கவில்லை. 1866இல் ஓவரெண்ட் கர்னி நிறுவனம் வீழ்ந்தபோது லண்டன் பணச்சந்தையே கலங்கியது.

எண்ணிக்கையோ தேய்ந்துகொண்டே வந்தது. வெளியே மணந்தவரை நீக்கும் விதியே தேய்வுக்குத் தலையாய காரணங்களுள் ஒன்று என்று யார்க் நகர மளிகை வணிகர் ஜான் ஸ்டீஃபன்சன் ரௌன்ட்ரீ 1859இல் நூலெழுதி வாதிட்டார். அடுத்த ஆண்டே விதி தளர்ந்தது. அதற்குள் எத்தனையோ கிளைகள் வெட்டுண்டிருந்தன.

அவற்றுள் ஒன்று லாயிட் கிளை. சிறை சென்ற சார்லஸ் லாயிடின் மகன் பர்மிங்ஹாம் சென்று இரும்பு வணிகரானார். பேரன் சாம்ப்சன் லாயிட் 1765இல் ஜான் டெய்லருடன் சேர்ந்து வங்கி தொடங்கினார். சாம்ப்சனின் மகனான இன்னொரு சார்லஸ், வங்கிக் கணக்குக்கு நடுவே ஹோமரையும் ஹோரஸையும் ஆங்கிலச் செய்யுளாக்கியவர். அவருடைய மூத்த மகன், மூன்றாம் சார்லஸ் (1775–1839), வங்கியே வேண்டாமென்று விலகிக் கோல்ரிட்ஜின் வீட்டில் மாணவராகத் தங்கினார். சார்லஸ் லாமுடன் சேர்ந்து 1798இல் கவிதை நூல் வெளியிட்டார். பெருங்கவிஞர் அல்லர். எனினும் தந்தையின் வங்கியில் நிழலிருக்க, வெயிலில் நடந்தவர். பின்னாளில் மனம் பேதலித்தபோது அவரைச் சில காலம் ஏற்றுக்கொண்டது, வில்லியம் டியூக் என்ற குவேக்கர் 1796இல் யார்க்கில் திறந்த 'ரிட்ரீட்' என்னும் மனநோயர் இல்லம்.

அவர் தங்கை பிரிசில்லா 1804இல் மணந்தது, கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி கிறிஸ்டஃபரை. அவரோ திருச்சபைக் குரு. அவர்களுடைய மகன்களுள் சார்லஸ் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பிஷப் ஆனார். கிறிஸ்டஃபர், வெல்ஷ்பூல் சிறை புகுந்தவருக்கு ஆறாம் தலைமுறை, 1869இல் அதே இங்கிலாந்துத் திருச்சபையின் லிங்கன் பிஷப் ஆனார்.