கரடிக்கு வழி விடுவோம்



நம்ம கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கப் போறவங்களுக்குக் கரடி பயம் புதுசில்ல. திடீர்னு கிட்டத்துல ஆளைப் பார்த்தா அது மிரண்டு பாயும். குட்டியோட இருந்தா இன்னும் ஆபத்து. அதனால நம்ம சத்தம் அதுக்கு முன்னாடியே கேக்கணும். நாலு பேரா, பேசிக்கிட்டு, தகரம் தட்டிக்கிட்டுப் போங்க. எதிர்ல பார்த்தா ஓடாதீங்க, மெதுவாப் பின்னால நகருங்க.

ஊருக்குள்ள வந்துட்டா வீட்டுக்குள்ள இருந்தே சத்தம் போடுங்க. கல் எறியாதீங்க, அது திரும்பிப் போற வழியை மறிக்காதீங்க. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்க.

கோயில் விளக்கு எண்ணெய், பழுத்த பலா, சாப்பாட்டுக் குப்பை வெளியே கிடந்தால், விரட்டின கரடி மறுநாளும் வரும். இவற்றை அன்றன்றே அப்புறப்படுத்துவதென ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.