மருந்துக்குச் சாகாத புழு

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு புழுவைப் பற்றியது. புழுவைப் பற்றிப் பேசவா இத்தனை பேர் கூடினோம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நான்கு வெள்ளாட்டை வைத்துக்கொண்டு, அதில் ஒன்றை விற்றுத்தான் பிள்ளையின் படிப்புச் செலவும் வீட்டின் வைத்தியச் செலவும் பார்க்கவேண்டும் என்றிருக்கிற ஏழைக்கு, அந்த நான்கில் இரண்டு மழைக்காலத்தில் செத்துப்போனால் அது சின்ன சங்கதியாகுமா?

மழை பெய்து புல் தழைத்த சில வாரங்களில் ஆடு சோர்ந்து நிற்கிறது. கண்ணிமையின் உட்புறம் வெளுத்துப்போகிறது. தாடைக்குக் கீழே பை கட்டினாற்போல் நீர் கோத்துக்கொள்கிறது. பிறகு விழுந்து சாகிறது. உடனே அம்மன் கோபம் என்கிறார்கள், கண்ணேறு என்கிறார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் தலைவிதி என்கிறார்கள். கோபத்தைத் தணிக்க ஒரு கிடாயை நேர்ந்து விடுகிறார்கள். அந்தக் கிடாயோ வயிற்றில் புழுவைச் சுமந்துகொண்டு ஊர் மேய்ச்சல் முழுவதும் அதன் முட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது! செத்த ஆட்டின் வயிற்றை அறுத்துப் பார்த்தால் அம்மன் கோபம் தெரியாது, புழுதான் தெரியும்.

அந்தப் புழுவுக்கு ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்று பெயர். ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடித்து வாழ்வது. பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமிருக்கும். ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டிருப்பதால், மேல்நாட்டு க்ஷவரக் கடை வாசலில் நிற்கும் கோடு போட்ட கம்பத்தின் பெயரையே அந்நாட்டார் இதற்கு வைத்தார்கள். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது 0.05 மில்லி லிட்டர்தான். ஆனால் 5,000 புழு ஒரு செம்மறியில் இருந்தால் நாளொன்றுக்கு 250 மில்லி லிட்டர், அதாவது கால் லிட்டர் ரத்தம் போய்விடும். ஒரு பெண் புழு நாள்தோறும் 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். முட்டை புழுக்கையோடு விழுந்து, சூடும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் குஞ்சுப் புழுவாகிப் புல்லில் ஏறி நிற்கும். அதை மேய்ந்த ஆட்டின் வயிற்றில் சுமார் மூன்று வாரத்தில் அது வளர்ந்து முட்டையிட ஆரம்பிக்கும். இதில் தெய்வத்துக்கு வேலை எங்கே இருக்கிறது?

நிற்க. இந்தப் புழு உலகமெல்லாம் எப்படிப் பரவிற்று? அதற்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. 2019-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், ஐந்து கண்டங்களிலிருந்து எடுத்த 223 புழுக்களின் மரபணுவை, அதாவது தாய் தகப்பனிடமிருந்து குஞ்சுக்குப் போகும் பரம்பரை எழுத்தை, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்கள். இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று தெரிந்தது. ஆப்பிரிக்க மக்களை விலங்கு பூட்டிக் கப்பலில் ஏற்றி அமெரிக்கக் கரைக்குக் கொண்டுபோய் அடிமைகளாக விற்றார்களே, அந்தக் கொடிய வியாபாரத்தின் சுவடு இந்தப் புழுவின் பரம்பரையில் இன்றும் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறியதன் சுவடும் கிடக்கிறது. 1788-இல் அங்கே போன முதல் கப்பல்கள் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில்தான் ஆடு வாங்கிக்கொண்டு போயின. மனிதன் செய்த அக்கிரமத்தை அவன் எழுதிய சரித்திரம் மறைத்தாலும் புழு மறைக்கவில்லை!

அதற்கு முன்பே, 1995-இல், அமெரிக்காவில் ஆடு மாடுகளின் புழுக்களையும் காட்டு மானின் புழுவையும் ஒப்பிட்டார்கள். ஆடு மாட்டின் புழுக்கள் தூரதூரப் பண்ணைகளில் இருந்தும் ஒரே கூட்டம்போலக் கலந்து கிடந்தன. மானின் புழுவோ இடத்துக்கிடம் வேறுபட்டிருந்தது. காரணம் என்ன? மானை யாரும் லாரியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவதில்லை. ஆட்டை விற்கிறோம், வாங்குகிறோம், சீராகக் கொடுக்கிறோம். அது போகுமிடமெல்லாம் புழுவும் போகிறது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். 1961-இல் தையாபெண்டசோல் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. புழுவின் காலம் முடிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். 1964-க்குள்ளாகவே அமெரிக்காவில் அந்த மருந்துக்குச் சாகாத ஹீமாங்கஸ் புழு காணப்பட்டது. 1981-இல் ஐவர்மெக்டின் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் அதற்கும் சாகாத புழு வந்துவிட்டது.

புழு மருந்துக்குப் பழகிவிட்டது என்று ஜனங்கள் சொல்லுவார்கள். அது சரியல்ல. எந்தப் புழுவும் பழகுவதுமில்லை, கற்றுக்கொள்வதுமில்லை. லட்சக்கணக்கான புழுக்களில் பிறவியிலேயே வேறுபாடு உண்டு. தையாபெண்டசோலும், இன்று நாம் கொடுக்கும் ஆல்பெண்டசோல், பென்பெண்டசோல் முதலானவையும் புழுவின் உடலிலுள்ள டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துத்தான் அதைக் கொல்லுகின்றன. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, அந்தப் புரதத்தின் 200-ஆவது கண்ணியில் ஒரு பொருளுக்குப் பதில் வேறொரு பொருள் அமைந்துவிட்டால் மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. அப்படிப் பிறந்தது ஆயிரத்தில் ஒன்றே இருந்தாலும், மருந்து கொடுத்ததும் மற்றவை செத்து அதுவே மிஞ்சுகிறது. அதன் சந்ததியே அடுத்த மழையில் புல் முழுவதும் நிற்கிறது. களையை விட்டுப் பயிரைப் பிடுங்கினவன் களையைத்தானே அறுப்பான்? இந்த மாறுதல் ஒரே இடத்தில் தோன்றிப் பரவினது மட்டுமல்ல. உலகின் பல இடங்களில் தனித்தனியாகவும் தோன்றியிருக்கிறது. எங்கெங்கே மனிதன் ஒரே தப்பைச் செய்தானோ அங்கங்கே ஒரே பலன்.

அந்தத் தப்பு என்ன? ஆட்டின் எடை பாராமல் குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுப்பது ஒன்று. செம்மறிக்குச் சொன்ன அளவையே வெள்ளாட்டுக்கும் கொடுப்பது மற்றொன்று; வெள்ளாட்டின் உடல் இம்மருந்துகளைச் சீக்கிரம் கழித்துவிடுவதால் அதற்கு அந்த அளவு போதாது. ஒரே வகை மருந்தையே வருஷக்கணக்கில் கொடுப்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் பெரியது, நோயுள்ளதும் இல்லாததுமான மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றிவிட்டு உடனே புதிய மேய்ச்சலில் விடுவது. கோடையில் புல்லில் குஞ்சுப் புழு அநேகமாக இராது. அப்போது மந்தை முழுவதற்கும் ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழு மட்டுமே அடுத்த தலைமுறைக்குத் தாயாகிறது.

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? ஒரு மந்தையில் பெரும்பாலான புழுவைச் சுமப்பது சில ஆடுகளே. தென்னாப்பிரிக்காவில் ஆட்டின் கீழிமையை இழுத்து உள்நிறத்தைப் பார்த்து, ஐந்து நிறமுள்ள ஓர் அட்டையோடு ஒத்துப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பாமாச்சா என்பது அதன் பெயர். வெளுத்த இமையுள்ள ஆட்டுக்கு மட்டும் மருந்து. சிவந்த இமையுள்ளதை விட்டுவிடு என்பதே அதன் விதி. மருந்து படாத ஆட்டிலுள்ள சாதாரணப் புழுக்கள், சாகாத புழுவோடு கலந்து அதன் வம்சம் மட்டுமே பெருகாமல் தடுக்கின்றன. கொல்லாமல் விட்ட புழுவே மருந்தைக் காப்பாற்றுகிறது என்பது கேட்க விந்தையாயிருக்கலாம். ஆனால் கணக்குச் சரி.

சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே பட்டியில் விடாதீர்கள். தனியே கட்டி, கால்நடை வைத்தியரிடம் புழுக்கையைப் பரிசோதிக்கக் கொடுத்து, அவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, பிறகு சேருங்கள். மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளில் மறுபடியும் புழுக்கையைப் பரிசோதியுங்கள். முட்டை நூற்றுக்கு 95 பங்காவது குறையவில்லையென்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் தோற்றுவருகிறது என்று சந்தேகியுங்கள்; அதையே திரும்பத் திரும்ப வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். அடிக்கடி வெளுத்து விழும் ஆட்டின் குட்டியை வளர்ப்புக்கு வைக்காதீர்கள். புழுவுக்குப் பரம்பரை உண்டானால் ஆட்டுக்கும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் சிவப்பு மசாய்ச் செம்மறி மற்றப் பல இனங்களைவிட இப்புழுவைத் தாங்கி நிற்கிறது.

தோழர்களே! இந்தப் புழுவைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனவன் மனிதன். மருந்துக்குச் சாகாததாக்கினவனும் மனிதன். ஆதலால் இதைத் தடுக்க வேண்டியவனும், தடுக்கக் கூடியவனும் மனிதனே. விதி என்று சொல்லுகிறவனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. காரணம் என்ன என்று கேட்கிறவனுக்கு நாளைக் காலையிலேயே வேலை இருக்கிறது. பட்டிக்குப் போய் ஒவ்வொரு ஆட்டின் கீழிமையையும் இழுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு நமது பேச்சை முடித்துக்கொள்கிறோம்.