லயத்துல பொறந்த சொல்



கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை. மலேசியாவின் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த பெரியவர்களிடம் வீடு எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "மேட்டு லயத்துல", "கோயிலுக்குப் பின்னால உள்ள லயத்துல" என்பார்கள்.

இந்த லயம் ஆங்கிலத்து 'லைன்'தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளைத் துரைமார் அப்படி அழைத்தார்கள். தோட்டத்து மக்கள் வாயில் லைன் லயனாகி, லயன் லயமானது. படித்த பிள்ளைகள் சிலர் இதைத் தப்பான உச்சரிப்பு என்று திருத்தப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் மெத்த வருத்தம். நிலம் நிலன் ஆகும், கலம் கலன் ஆகும் என்று இலக்கணம் படிக்கிறோமே, அதே மகர னகர உறவுதான் இங்கே மறுபுறமாக நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் காது கொடுத்துக் கேளுங்கள். பஸ் என்றால் 'பஸ்ஸுல' என்கிறோம், 'பஸ்ஸத்துல' என்பதில்லை. லயம் என்றால் மட்டும் மரத்துல, குளத்துல என்பது போல 'லயத்துல'. அத்துச் சாரியை வாங்கிக்கொண்டு பச்சைத் தமிழ்ச் சொல்லாகவே நடக்கிறது. 'லயத்துல இருந்தோம்' என்கிற அதே பாட்டி, "போன் லைனு கிடைக்கல, ஐயா" என்றும் சொல்வார். பேசுகிற கம்பிக்கு லைன், பிறந்து வளர்ந்த வீட்டுக்கு லயம். உச்சரிக்கத் தெரியாதவர் பேச்சா இது?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே லயம் உண்டு.

நம் வட்டாரத்திலேயே எதிர்த்திசையில் போன சொல்லும் இருக்கிறது. 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். துரைமாரின் கணக்குப் புத்தகத்தில் தமிழ்ச் சொல் ஏறியது. அவர்கள் சொல் நம் லயத்துக்குள் குடியேறியது. இதில் ஒன்று பெருமை, மற்றொன்று பிழை என்பது எந்த ஊர் நியாயம்?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'என் தாத்தா லயத்தில் வாழ்ந்தார்' என்று ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். எந்தத் தோட்டத்து லயம், ஒரு வரிசையில் எத்தனை வீடு, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று தாத்தாவிடமே கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பல லயங்களை இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது. கேட்டால் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள்.